கீழக்குயில்குடி சமணமலை: பாறை உரிந்து பள்ளி ஆன கதை

(காட்சி: தாமரைக்குளம், ஆலமரங்கள், பின்னால் மலை)

மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில் நாகமலைப் புதுக்கோட்டை வரும். அங்கே தெற்கே திரும்பிக் கொஞ்ச தூரம் போனால் கீழக்குயில்குடி. குளக்கரையில் கருப்பசாமி கோயில், பெரிய ஆலமரங்கள். கோயிலுக்குப் பின்னால் மொட்டையாக நிற்கிற பாறைதான் சமணமலை. மேலே கல்லில் கோயில் இருக்கிறது, சிற்பம் இருக்கிறது என்று எல்லோரும் படியேறிவிடுகிறார்கள். நாம் முதலில் அடிவாரத்திலேயே ஒரு நிமிடம் நிற்போம். அந்தச் சிற்பங்கள் ஏன் இங்கே வந்தன என்பதற்கான பதில் பாறையிலேயே இருக்கிறது.

(காட்சி: பாறை மேல் ஒரு கை)

கையை வைத்துப் பாருங்கள். வெளிறிய ஒரு கோடு, கறுத்த ஒரு கோடு என்று வரிவரியாக ஓடுகிறது. வெளிறியது வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) பெல்ஸ்பார் என்ற கனிமமும். கறுத்த வரியில் வெயில் பட்டு மினுங்குகிறதே, அது காக்காப்பொன் (மைக்கா) வகை. இப்படி வரி விழுந்த பாறையை நைஸ் என்பார்கள். பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில், கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் பிசைந்த மாவு போல நசுங்கி உருவானது. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதிச் சேர்ந்து கோண்டுவானா என்ற பெருநிலம் உருவானபோது, மதுரைப் பகுதிப் பாறைகள் பட்ட பாடு அது.

அப்புறம் மேலே இருந்த மண்ணும் கல்லும் மெல்ல மெல்லக் கரைந்து போயின. தலைமேல் இருந்த சுமை குறைந்ததும் பாறை விரிந்து கொடுத்தது. விரியும்போது மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் விட்டன. வெங்காயம் தோல் உரிவது போல இந்த மலை அடுக்கடுக்காக உரிகிறது. மலைக்கு இந்த வழவழப்பான முதுகு அப்படித்தான் வந்தது. கீழ்ப்பக்கம் ஓர் அடுக்கு பெயர்ந்து விழுந்த இடத்தில் மேலே இருப்பது கூரை போல நீட்டிக்கொண்டு நிற்கும். அதுதான் குகை. ஊர்ப்பேச்சில் பொடவு.

மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, செதுக்க ஒரு வழவழப்பான சுவர். சமணத் துறவிகள் தங்கும் இடம்தான் பள்ளி. அவர்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும், தண்ணீர். இந்தக் கல் நீரை உறிஞ்சாது. மழைநீர் அடுக்குகளின் இடுக்கில் இறங்கி, பள்ளம் கண்ட இடத்தில் சுனையாகத் தேங்கும்.

(காட்சி: படிக்கட்டு, பேச்சிப்பள்ளம்)

சரி, ஏறலாம். கோயில் பக்கத்திலிருந்து போகும் படிகள் பேச்சிப்பள்ளத்தில் கொண்டு விடும். சுனை அங்கேதான். சுனைக்கு மேலே பாறைச்சுவரில் எட்டுச் சிற்பங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன. உடம்பில் கொடி சுற்றி நிற்பவர் பாகுபலி என்ற சமண முனிவர், தலைக்கு மேல் நாகம் குடை பிடிப்பவர் சமணர் வணங்கும் தீர்த்தங்கரர்களில் ஒருவரான பார்சுவநாதர். கீழே வட்டெழுத்து, அந்தக் காலத் தமிழ் எழுத்து. அச்சணந்தி என்ற சமணப் பெரியவரின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனியும் இந்த வரிசையில் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் ஒரு தாயின் பெயர் அழியாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைந்துவிடும்.

பேச்சிப்பள்ளத்தோடு திரும்பிவிடாதீர்கள். இன்னும் மேலே பாறையிலேயே வெட்டிய சிறு படிகள் போகின்றன. பாதி பாதம்தான் பதியும், நிதானமாக ஏறுங்கள். மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப்பள்ளியின் அடித்தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் தாண்டி உச்சியில் விளக்குத்தூண், பக்கத்துப் பாறையில் கன்னடக் கல்வெட்டு. அங்கிருந்து பார்த்தால் நாகமலை நீளமாகப் படுத்திருப்பது தெரியும். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. பத்து மணிக்கெல்லாம் பாறை காலைச் சுடும். மழை பெய்த மறுநாள் பாசி வழுக்கும், அன்று உச்சி வேண்டாம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். அடுக்கடுக்காகப் பிளக்கும் இந்தக் குணம்தான் கல்குவாரிக்காரர்களுக்கும் வசதி. வரிசையாகத் துளை போட்டு ஆப்பு இறக்கினால் பாறை பாளம் பாளமாக வந்துவிடும். மதுரை மாவட்டத்தில் அப்படிக் காணாமல் போன குன்றுகள் உண்டு. இந்த மலை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கண்முன்னே நிற்கிற பாறையில் பெயரைக் கீறி வைப்பவர்களைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

(காட்சி: செட்டிப்பொடவு)

இரண்டாவது பாதை தனி. கீழே இறங்கி, மலையை ஒட்டியே தென்மேற்குப் பக்கம் போக வேண்டும். கொஞ்சம் படிகள்தான், ஏறியதும் செட்டிப்பொடவு. வாசலின் இடப்பக்கம் பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார். உள்ளே குனிந்து போய் மேலே பாருங்கள். வளைந்த கூரையில் ஐந்து சிற்பங்கள். சிங்கத்தின் மேல் வரும் ஒரு தேவி, யானை மேல் இருக்கும் வீரனோடு போர் செய்கிறாள். பாறை உரிந்து விட்ட வளைவை அப்படியே வைத்துக்கொண்டு செதுக்கியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் அந்தப் பெரிய உருவத்தின் அடியில் இருக்கும் வட்டெழுத்தைத் தேடுங்கள். காலைச் சாய்வெயிலில்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும். 'குயிற்குடி ஊரார் பேரால்' இந்தத் திருமேனி செய்விக்கப்பட்டது என்று அதில் இருக்கிறது. படியிறங்கி நீங்கள் டீ குடிக்கப் போகிற ஊர்தான் அது.