வாசல்ல ரெண்டு மூட்டை கரி
(மலேசியாவுல காப்பார் கோயில் மண்டபத்துல பேசினத அப்படியே எழுதி வச்சது)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி பாட்டிங்க உக்காந்திருக்கீங்க, பின்னாடி தம்பிங்க போனத் தட்டிக்கிட்டு இருக்கீங்க, பரவால்ல, காது இந்தப் பக்கம் இருந்தா போதும். நம்மூரு கரி ஸ்டேசன், அதான் நிலக்கரிய எரிச்சு கரண்டு எடுக்குற எடம், அதோட புகைபோக்கிய சின்னப் பிள்ளையிலேர்ந்து பாக்குறோம், உள்ளார என்ன நடக்குதுன்னு நமக்கு யாரு சொன்னா?

நான் செம்பனை எண்ணெய் ஆலையில 26 வருசம் பாய்லர்மேன். பழத்தப் பிழிஞ்சு மிஞ்சுற நாரு, ஓடு எல்லாத்தையும் அடுப்புல தள்ளி, தண்ணியக் கொதிக்க வச்சு, அந்த ஆவியில டர்பைன சுத்தவிட்டு ஆலைக்கு கரண்டு எடுத்துட்டு, மிச்ச ஆவியில பழத்த வேக வைப்போம். கரி ஸ்டேசனும் இதே வேலதான், ஆனா ராட்சச சைசு. கரிய கட்டியா போடமாட்டாங்க, மாவு மாதிரி அரைச்சு காத்தோட ஊதுவாங்க, ஆவி 540 டிகிரி வரைக்கும் சூடாகும், மஞ்சோங் ஸ்டேசன்ல புதுசா கட்டின மெசின்ல 600-கிட்ட போகுது. டர்பைன் நிமிசத்துக்கு 3000 சுத்து, ஏன்னா நம்ம கரண்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 50 சுத்து.

இங்கதான் எனக்கு மனசு கேக்காது. எங்ககிட்ட மிச்ச ஆவிக்குப் பழம் இருந்துச்சு, அவங்களுக்கு வேக வைக்க ஒண்ணும் கெடையாது, அதனால கடல் தண்ணிய விட்டு ஆவியக் குளிர வைப்பாங்க. காப்பார், ஜிமா, மஞ்சோங், தஞ்சோங் பின், எல்லாம் கடலோரம், பாத்தீங்களா? கரி கப்பல்ல வர்றதும் ஒரு காரணம். எரிக்கிற கரியோட சூட்டுல மூணுல ஒரு பங்கு, கொஞ்சம் கூடப்போனா நாப்பது பெர்சண்ட், அவ்ளோதான் கரண்டாகுது, மிச்சச் சூடு கடலுக்கும் புகைபோக்கிக்கும்.

சரி, வீட்டுக்கு வருவோம். ஒரு யூனிட் கரண்டுக்கு சுமாரா அரை கிலோ கரி. மாசம் 400 யூனிட் ஓடுற வீடு, தீபகற்ப மலேசியாவுல கரண்டுல பாதி கரியிலேர்ந்துன்னு வச்சா, 100 கிலோ. அம்பது கிலோ மூட்டை ரெண்டு, மாசாமாசம் வாசல்ல வந்து எறங்குது, பில்லுல மட்டும் தெரியாது. போன தடவ ஒரு அக்கா கேட்டாங்க, அரை கிலோ எரிச்சா கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு எப்படிங்க வரும்னு. நல்ல கேள்வி. எரியிறப்ப கரி காத்துல உள்ள ஆக்சிஜனயும் சேத்துக்கிதுக்கா, அந்த எடதான் கூடுது.

ஒரு காலத்துல நம்ம கரியே இருந்துச்சு, சிலாங்கூர் பத்து ஆராங்ல, நம்மாளுங்களும் சீனங்களும் தோண்டினது, ரயிலுக்கெல்லாம் போச்சு, 1960-ல சுரங்கத்த மூடிட்டாங்க. இப்ப பெரும்பாலும் இந்தோனேசியா, ஆஸ்திரேலியாவுலேர்ந்து வருது, டாலர் ஏறினா நமக்கும் ஏறும்.

புதுசா கரி ஸ்டேசன் கட்டமாட்டோம்னு கவர்மெண்டு சொல்லிருச்சு, இருக்கிறத 2044-க்குள்ள ஒவ்வொண்ணா மூடுறதா பிளான். சோலார் வரட்டும், நல்லதுதான், ஆனா ராத்திரி ஏர்கோனுக்கு வெயில் ஏது, கேஸ், அணை, பேட்டரி எல்லாம் சேந்துதான் தாங்கணும்.

தம்பி, பாய்லர் டிக்கெட், அதான் பாய்லர் ஓட்டுற லைசென்ஸ், எடுக்கலாமான்னு கேட்டியே, எடுப்பா. கரி போனாலும் செம்பனை நாரு இருக்கு. சனிக்கிழம வீட்டுக்கு வா, பாய்லர்ல தண்ணி எவ்ளோ இருக்குன்னு காட்டுற கேஜ் கிளாஸ் பாக்குறதுலேர்ந்து ஆரம்பிப்போம், பழைய நோட்டு இன்னும் வச்சிருக்கேன்.