இருபத்தைந்து நாள் கரண்ட்

[காட்சி: விடிகாலை. சென்னை சென்ட்ரலுக்கு எதிரே, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசல். மஞ்சள் பையோடு ஒரு அம்மா.]

குரல்: அந்தப் பைக்குள் ஸ்கேன் ஃபிலிம், பயாப்சி ரிப்போர்ட், காப்பீட்டு அட்டையின் ஜெராக்ஸ், மாற்றுப் புடவை ஒன்று. திருவண்ணாமலைப் பக்கம் களையெடுக்கும் கூலிக்குப் போகிறவர் என்று வைத்துக்கொள்வோம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், கொஞ்சம் முற்றிவிட்டது.

டாக்டர் ரேடியோதெரபி, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, என்று எழுதுவார். வார்டில் எல்லாரும் ‘கரண்ட் வைக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை, சுமார் ஐந்து வாரம். அப்புறம் உள்கதிர்வீச்சு, அதாவது உடலுக்குள்ளிருந்தே கொடுக்கும் கதிர்வீச்சு.

[காட்சி: இடுப்பில், கதிர்வீச்சு பட வேண்டிய இடத்தைக் காட்டும் மார்க்கர் பேனாக் கோடுகள். அழியாமல் பார்த்துப் பார்த்துக் குளிக்க வேண்டும்.]

குரல்: கருவிக்கு அடியில் படுப்பது சில நிமிடம்தான். ஆனால் தினமும் வந்தாக வேண்டும். மொத்தச் சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போனால் குணமாகும் வாய்ப்பு குறையும்.

முதலமைச்சர் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. பெரிய விஷயம், மறுக்கவே முடியாது. ஆனால் போன கூலியை யார் தருவது? கூட வந்த கணவரின் கூலி? ராத்திரி படுக்க இடம்? பாதியில் ஊருக்குத் திரும்புகிறவர்களைப் ‘பொறுப்பில்லாதவர்கள்’ என்று சொல்லும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அப்போது 12 படுக்கைகள். ஏழைக்கும் அதே வைத்தியம் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

[காட்சி: உலக வரைபடம்.]

குரல்: 2022-இல் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் மட்டும் உலகில் சுமார் 3,50,000 பெண்கள் இறந்தார்கள். அதில் 94 சதவீதம் ஏழை, நடுத்தர வருமான நாடுகளில். அப்போது ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் கதிர்வீச்சு வசதியே கிடையாது. நம் அம்மாவுக்குக் கருவி இருக்கிறது, தங்கத்தான் வழியில்லை. அங்கே கருவிக்கே நாடு கடக்க வேண்டும்.

[காட்சி: மருத்துவமனை வராந்தா.]

குரல்: சரி, உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாருக்காவது கரண்ட் வைக்கச் சொன்னால், முதல் நாளே இரண்டு கேளுங்கள். ஒன்று, தங்குவதற்கு எங்கே இடம் கிடைக்கும்? மருத்துவமனையின் சமூகப் பணியாளருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு, ரயில் சலுகைப் படிவம். சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை, துணைக்கு வருபவருக்கும் சலுகை உண்டு. டாக்டர் கையெழுத்தும் சீலும் வாங்கி, அந்த மஞ்சள் பையிலேயே வைத்துவிடுங்கள்.