பென்சிலுக்கு வாக்கப்பட்ட கேசட்

நடுவர் ஐயா, மன்னார்குடிப் பெரியோரே, தாய்மாரே, எதிரணி அன்பர்களே, வணக்கம். பத்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. மிச்ச மரியாதையை இறங்கும்போது வச்சுக்கலாம்.

தலைப்பு என்ன? "சின்ன வயசுல பார்த்த குடும்பப் படத்தை மனசுல நிறுத்தி வச்சது கீத்துக் கொட்டகையா, கேசட்டா?" நான் கேசட் கட்சி. எதிரணித் தலைவர் நல்லாத்தான் பேசினார். மணலைக் குவிச்சு உட்கார்ந்ததைச் சொன்னார். 1000 அடி ஃபிலிம் 11 நிமிஷம்தான் ஓடும், ஒத்தை புரொஜெக்டர், சுருள் மாத்துற நேரமெல்லாம் இடைவேளை, அதுல ஒரு முறுக்குன்னு கணக்கோட சொன்னார். எல்லாம் சரி. போற போக்குல ஒரு வார்த்தை விட்டார் பாருங்க: "கேசட் என்ன பெரிய கேசட்? பென்சிலுக்கு வாக்கப்பட்ட பொண்ணு! மாசத்துல நாலு நாள் சிக்கல் பண்ணிக்கிட்டு வந்து நிக்கும்!"

நீங்க கைதட்டினீங்க. நானும் சிரிச்சேன். ஆனா பொண்ணு வீட்டுக்காரன் பதில் சொல்லாம இருக்கலாமா?

முதல்ல பொருத்தம். டேப்பு வெளியில வந்து சிக்கிக்கிட்டா, கேசட் சக்கரத்துல பென்சிலை விட்டுத்தானே சுத்தி உள்ள இழுப்போம்? அந்தச் சக்கரத்துக்கு உள்பக்கம் ஆறு பல்லு. பென்சிலுக்கு ஆறு பட்டை. பத்துப் பொருத்தம் பார்த்துக் கட்டி வச்ச கல்யாணமே பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்குது, இது ஆறே பொருத்தத்துல அப்படிக் கவ்விப் பிடிச்சுது! உருண்டைப் பேனாவை விட்டுப் பாருங்க, வழுக்கும்.

அடுத்தது, சிக்கல் யாரால வந்துச்சு? பொண்ணாலயா, புகுந்த வீட்டாலயா? டேப் ரெக்கார்டரைத் திறந்து பாருங்க. டேப்பை இழுத்து விடுறது ஒரு இரும்புத் தண்டும் அதை ஒட்டி நிக்கிற ரப்பர் உருளையும். செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர், அவ்வளவுதான். வர்ற டேப்பைச் சுத்தி வாங்கிக்க வேண்டியது வலது பக்கத்துச் சக்கரம். அதை ஓட்டுறது ஒரு சின்ன பெல்ட். வயசாகி பெல்ட் தொங்கிப்போனா சக்கரம் நின்னுடும். உருளை நிக்காது, தள்ளிக்கிட்டே இருக்கும். கொடுக்கிறவர் கொடுத்துக்கிட்டே இருக்கார், வாங்கிக்க வேண்டியவர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். டேப்பு எங்கதான் போகும்? உருளையையே சுத்திக்கும்.

இன்னொண்ணு. உருளையிலயும், டேப்பைத் தொட்டுப் பாட்டைப் படிக்கிற ஹெட்டுலயும் பழுப்பாத் தூள் படியும். பஞ்சுல ஸ்பிரிட் தொட்டுத் துடைச்சு, காய விட்டு, அப்புறம் போடணும். நம்மாளு என்ன பண்ணுவார்? வேட்டி முனையில எச்சில் தொட்டுத் துடைப்பார்! அந்தப் பழுப்புத் தூள் அழுக்கு இல்லைங்க, இரும்பு ஆக்சைடு, துருவுக்குச் சொந்தக்காரன். பாட்டே அதுலதான் ஒட்டியிருக்கு. தூள் உதிருதுன்னா பாட்டு உதிருது. இப்பச் சொல்லுங்க, குத்தம் பொண்ணு மேலயா?

சிக்கல் சிக்கல்னு சொன்னாரே, சிக்கல்னா நமக்கு நாகப்பட்டினம் பக்கத்துல ஊரு! சிக்கல் சண்முகசுந்தரம், திருவாரூர் மோகனா. 1968-ல வந்த 'தில்லானா மோகனாம்பாள்'. சிவாஜி ஐயா கன்னத்தை உப்பி, கழுத்து நரம்பு புடைக்க, விரலை ஓட்டுவார் பாருங்க, கொட்டகையே வாயைப் பிளந்துச்சு. ஊதினது யாரு? மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கண்ணு பார்த்தது நடிப்பு, காது கேட்டது அசல். கண்ணை மூடினா அசல் மட்டும் மிஞ்சும். அந்த அசலை வீட்டுக்குக் கொண்டாந்தது கேசட்.

வாதம் இதோட முடிஞ்சுது. இன்னிக்கு மாட்டுப் பொங்கல், மிச்ச நேரத்துக்கு மாட்டைப் பத்திப் பேசப் போறேன்.

குடவாசல் பக்கம் ஒரு கிராமம். திருச்சி வானொலியில நேயர் விருப்பம். ரேடியோவையும் டேப் ரெக்கார்டரையும் இணைக்க வீட்டுல வயர் கிடையாது, அதனால ரேடியோவுக்கு முன்னால ஒரு முழம் தள்ளி டேப் ரெக்கார்டரை வச்சு, சிவப்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தானையும் சேர்த்து அமுக்கணும். சி-60 கேசட். பக்கத்துக்கு 30 நிமிஷம், நாலரை நிமிஷப் பாட்டு ஆறு பிடிக்கும், ஏழாவது பாதியில அறுந்துடும். பையன் ஃபேனை நிறுத்திட்டான். காக்காயை விரட்டிட்டான். தாத்தா இருமலை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கார். மூணாவது பாட்டு, சுசீலாம்மா. பல்லவி முடிஞ்சு வயலின் எழும்புது. கொல்லையிலேர்ந்து அவன் அம்மா ஒரு குரல்: "டேய் தம்பி! மாடு அவுத்துக்கிச்சு பாருடா!"

பதிஞ்சு போச்சு. மைக்குக்கு சுசீலாம்மாவும் ஒண்ணு, கொல்லைப்புறத்து அம்மாவும் ஒண்ணு. அழிச்சுட்டுத் திரும்பப் பதியலாம்னா அந்தப் பாட்டு மறுபடி எப்ப வருமோ? இருக்கிறதாவது அழியாம இருக்கட்டும்னு கேசட்டோட பின்விளிம்புல இருக்கிற ரெண்டு பிளாஸ்டிக் பொட்டையும் உடைச்சுட்டான். அதை உடைச்சா மேல யாரும் பதிய முடியாது. மாடு நிரந்தரம்!

அந்த வீட்டுல அந்தப் பாட்டுன்னா பல்லவி, வயலின், மாடு, சரணம். கரண்டு போய், பேட்டரிக் கட்டையும் தேஞ்ச நாள்ல மோட்டார் மெதுவாகும், குரல் இறங்கும். சுசீலாம்மா ஆரம்பிச்சதை டி.எம்.எஸ். ஐயா முடிச்சு வைப்பார். மாட்டைப் பார்க்கச் சொல்றது அம்மா இல்ல, அப்பா! தங்கச்சி பள்ளிக்கூட விழாவுல அதே பாட்டைப் பாடுது. வயலின் வர்ற இடத்துல மூச்சை இழுத்து, ராகத்தோட, "டேய் தம்பி, மாடு அவுத்துக்கிச்சு..." வாத்தியார் முறைக்கிறார். "பாட்டுல இருக்கு சார்!"

இருங்க, இன்னும் கல்யாணத்துக்கே வரலை. அக்கா கல்யாணம். மைக்செட்டுக்காரர் தென்னை மரத்துல ரெண்டு குழாய் கட்டியிருக்கார், ஒண்ணு ஊர்ப் பக்கம், ஒண்ணு ஆத்துப் பக்கம். அவசரத்துல வீட்டு கேசட்டைப் போட்டுட்டார். மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நிக்குது. ஆரத்தித் தட்டோட பொம்பளைங்க. கதவு திறக்குது. சம்பந்தி, பட்டு வேட்டி, தோள்ல அங்கவஸ்திரம், ஒரு காலைக் கீழ வைக்கிறார். வயலின் எழும்புது. நான் சொல்லணுமா?

நாலு ஊருக்குக் கேட்டுச்சு. சம்பந்தி இறக்கின காலைத் தூக்கித் திரும்ப வேனுக்குள்ள வச்சார்!

நடுவர் ஐயா கண்ணைத் துடைக்கிறார். ஐயா, நீங்க சம்பந்தியாப் போனா முதல்ல என்ன கேசட்டுன்னு விசாரிச்சுட்டு இறங்குங்க. எதிரணித் தலைவரே, உங்க கொட்டகைத் திரையில ஒரு நாளாவது உங்க வீட்டு மாடு வந்துச்சா?

சிரிச்சது போதும். அந்த அம்மா இப்ப இல்லை. மாலை போட்ட படம் ஒண்ணு கூடத்துல மாட்டியிருக்கு. குரலுக்கு எங்க போறது? போன ஐப்பசி மழையில பெட்டிக்குள்ள ஈரம் ஏறி, டேப் ஓரத்துல வெள்ளையாப் பூசணம். பையனுக்கு இப்ப தலை நரைச்சாச்சு. பழைய டேப் ரெக்கார்டர்ல போட்டுப் பார்த்திருக்கான், சுத்திக்கிச்சு. சரியா அந்த வயலின் இடத்துல.

ரிப்பேர்காரர் திருகைக் கழட்டிப் பார்த்தார். "ரெண்டு இஞ்ச் கசங்கியிருக்கு சார். வெட்டிட்டுப் பின்பக்கம் ஒட்டிடலாம். முன்பக்கம் ஒட்டினா ஹெட்ல பசை பிடிக்கும். ரெண்டு இஞ்ச்தானே, தெரியவே தெரியாது."

செகண்டுக்கு 4.76 சென்டிமீட்டர்னு சொன்னேனே, ஞாபகம் இருக்கா? ரெண்டு இஞ்சுன்னா ஒரு செகண்டு. அந்த ஒரு செகண்டுல இருக்கிறது "டேய் தம்பி." மாடு அடுத்த செகண்டுல.

"வெட்டாதீங்கண்ணே."

"வெட்டலைன்னா அந்த இடம் கரகரக்கும் சார். குரல் அமுங்கித்தான் கேக்கும்."

"அமுங்கியே கேக்கட்டும்ணே."

அவர் பூசணத்தை உலர்ந்த பஞ்சால ஒத்தி எடுத்தார். கசங்கினதை நீவி விட்டார். மோட்டார்ல கொடுத்தா இழுத்து அறுத்துடும்னு கையாலயே, மெதுவா, ஒவ்வொரு சுத்தாச் சுத்தினார். எதால சுத்தினார்? ஐயா, பென்சிலால.

போட்டாங்க. பல்லவி முடிஞ்சுது. வயலின் எழும்புது. கரகரன்னு ஒரு சத்தம், அதுக்குள்ளேர்ந்து அமுங்கி, எங்கேயோ கொல்லைப்புறத்துலேர்ந்து, "டேய் தம்பி..."

கடை வாசல்ல நின்னுக்கிட்டிருந்த நரைச்ச தலை சொல்லுச்சு: "தோ போறேம்மா."