கல்லீரல் ஹைடாடிட் கட்டி: ஊசி போடுமுன் பித்தத்தைத் தேடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழு நாயின் குடலில் வாழ்கிறது. சில மில்லிமீட்டர் நீளந்தான். அதன் முட்டை கழுவாத கீரையிலோ, நாயைத் தடவிய கையிலோ ஒட்டி நம் வயிற்றுக்குள் போய்விட்டால், உள்ளிருக்கும் புழுக்கரு குடற்சுவரைத் துளைத்து ரத்தத்தில் கலக்கிறது. குடலின் ரத்தம் நேரே போவது கல்லீரலுக்கு. புழுக்கரு தங்கி, நீர் நிறைந்த பையாக வளர்வதுதான் ஹைடாடிட் கட்டி. அதனால்தான் பெரும்பாலான கட்டிகள் அங்கே உண்டாகின்றன. பல வருடம் வலியே இருக்காது.

சிக்கல்களில் அடிக்கடி வருவது பித்தநாளத்துக்குள் உடைவதுதான். கட்டி பெருக்கப் பெருக்க உள்ளழுத்தம் ஏறி, பக்கத்துப் பித்தக்கிளைகளை நசுக்கி அரித்துத் துளையாக்குகிறது. துளை சிறிதென்றால் பித்தம் கட்டிக்குள் கசியும். கிருமி சேர்ந்தால் சீழ்க்கட்டியாகும். பெரிதென்றால் கட்டிக்குள்ளே வளர்ந்த குட்டிக் கட்டிகளும் கிழிந்த சவ்வும் பொதுப் பித்தநாளத்தில் இறங்கி அடைத்துக்கொள்ளும். வலது விலாவுக்குக் கீழே வலி, மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல் என்று அசல் பித்தக்கல் போலவே இருக்கும். ஸ்கேனில் நாளம் விரிந்திருப்பதோடு கல்லீரலில் கட்டியும் தெரிந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எண்டோஸ்கோப்பியில் நாளத்தின் வாயை வெட்டி அகலப்படுத்தி, பலூனால் சவ்வை இழுத்து எடுத்தால் அடைப்பு நீங்கும்.

ஊசியால் கட்டி நீரை உறிஞ்சி, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தி, மறுபடி உறிஞ்சும் சிகிச்சையும் உண்டு. இங்கேதான் அவசரம் கூடவே கூடாது. முதலில் வரும் நீரைக் கவனியுங்கள். பித்தம் கலக்காத புதுக்கட்டியின் நீர் ஊற்றுநீர் போலத் தெளிந்திருக்கும். தெளிவாகத் தெரிந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டையை அதில் நனைத்து பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். இருந்தால் மருந்து செலுத்தும் வேலையை அத்தோடு விட்டுவிட வேண்டும். 20 சதவீத உப்புநீரோ 95 சதவீத ஆல்கஹாலோ அந்தத் துளை வழியே பித்தநாளங்களுக்குள் போனால், உட்சுவர் வெந்து தழும்பேறி நாளமே சுருங்கிவிடும். கட்டியைவிடக் கொடிய நோய் அது.

கட்டி நீர் வயிற்றறைக்குள் சிந்துவது இன்னொரு ஆபத்து. கீழே விழுந்த அடியில்கூட இது நேரலாம். கடும் ஒவ்வாமையால் உடலெங்கும் தடிப்பு, மூச்சிரைப்பு, ரத்த அழுத்தச் சரிவு என்று நிமிடங்களில் முற்றும். பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் உடனே தொடைத் தசையில் போட வேண்டும். ஊசிச் சிகிச்சை, அறுவை எதுவானாலும் அந்த மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியது இதனால்தான். பிழைத்தவருக்கும் பின்னாளில் வயிறெங்கும் புதுக்கட்டிகள் முளைக்கலாம்.

வாய்வழி தரும் புழுக்கொல்லி மருந்து ஆல்பெண்டசோல்: பெரியவர்களுக்கு 400 மில்லிகிராம், தினம் இருவேளை, கொழுப்புள்ள உணவோடு. வெறும் வயிற்றில் சரியாக உடலில் சேராது. இடையிடையே கல்லீரல் என்சைமும் வெள்ளணுவும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தரக் கூடாது.

சுண்ணாம்பு படிந்து இறுகிய கட்டியால் தொல்லை இல்லையென்றால் தொடவே வேண்டாம். ஸ்கேனில் மட்டும் கண்காணியுங்கள். சிகிச்சை முடிந்தவர்களையும் ஐந்து வருடமாவது ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்கள்.