நிழலைக் காகிதத்தில் நிறுத்தியவர்கள்

அவைத்தலைவர் அவர்களே, புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்டு இங்கே கூடியிருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இந்தக் கலைக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்குகின்றன. புகைப்படம் என்பது மக்கள் வழக்கு. ஒளிப்படம் என்பது மூலச் சொல்லுக்கு நேராக அமைத்த ஆக்கம். நிழற்படம் என்று எழுதுவோரும் உண்டு. இந்த மூன்றாவது பெயரைக் காணும்போதெல்லாம், 1839ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் லண்டன் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்ட ஒரு கட்டுரை எனக்கு நினைவுக்கு வரும். வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் எழுதிய அந்தக் கட்டுரையின் ஒரு பகுதிக்கு, நிழலைப் பிடித்து நிறுத்தும் கலை என்று பொருள்படும் தலைப்பு இடப்பட்டிருந்தது. பிரிட்டிஷ் புகைப்படக் கலைஞர்களைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். அந்த வரிசை மிக நீளமானது. நான் முதல் நாற்பது ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்ளப் போகிறேன். புகைப்படத்துக்கு அந்நாடு தந்த பெருங்கொடை, ஒரு படத்தைப் பல படிகளாகப் பெருக்கும் வழியே என்பதும், அதைத் தந்தவர்களில் பெரும்பாலோர் வேறு வேலைகளுக்கிடையே இந்தக் கலைக்கு வந்து சேர்ந்தவர்கள் என்பதும் என் கருத்து.

டால்பட் கணிதமும் தாவரவியலும் அறிந்தவர். வில்ட்ஷரிலுள்ள லேகாக் மாளிகையின் உரிமையாளர். அவருக்கு வராத ஒன்று ஓவியம். 1833 அக்டோபரில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் முப்பட்டகக் கருவி ஒன்றின் துணையோடு காட்சியை வரைய முயன்றார். கருவியிலிருந்து கண்ணை எடுத்ததும், காகிதத்தில் தம் பென்சில் விட்டுச்சென்ற கோடுகளைக் கண்டு மனம் சலித்தார். ஒளி தானே வந்து தன் உருவத்தைத் தாளில் பதித்துவிட்டுப் போனால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அங்கேதான் பிறந்தது. ஊர் திரும்பியவர் நல்ல எழுதுதாளை எடுத்து, உப்புக் கரைசலில் நனைத்து உலர்த்தி, அதன்மேல் வெள்ளி நைட்ரேட்டைப் பூசினார். வெயில் பட்ட இடம் கறுத்தது, இலை மறைத்த இடம் வெளுத்தே நின்றது. 1835 ஆகஸ்டில் லேகாக் மாளிகையின் பலகணி ஒன்றை இவ்வாறு பதிவு செய்தார். அஞ்சல் தலை அளவே உள்ள அந்தத் தாள்தான் இன்று எஞ்சியிருக்கும் நெகட்டிவ்களில் மிகப் பழையது. எடுத்த புதிதில், பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் சன்னலின் ஏறத்தாழ இருநூறு கண்ணாடித் துண்டுகளையும் எண்ணிவிடலாம் என்று அதன் அருகில் அவரே எழுதி வைத்தார்.

1839 ஜனவரியில் பாரிஸில் டாகேர் என்பவர் கண்ட படமெடுக்கும் முறை அறிவிக்கப்பட்டபோது டால்பட் திகைத்துப் போனார். டாகேரின் படம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் கண்ணாடிபோல் மின்னியது, நுணுக்கத்தில் காகிதப் படத்தை எளிதாக வென்றது. ஆனால் அது ஒரே ஒரு படம், அதிலிருந்து மற்றொன்றை அச்சிட இயலாது. டால்பட்டின் தாளிலோ கறுப்பும் வெளுப்பும் இடம் மாறியிருந்தன. அதை மற்றொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் அவை மீண்டும் தம் இடத்துக்கு வந்தன. குறையாகத் தோன்றிய இந்தத் தலைகீழ்த் தன்மையே கலையின் அடித்தளமாயிற்று. எங்கள் ஊர் ஸ்டூடியோவில் என் சிறுவயதில் படம் எடுத்தால், நெகட்டிவ்வை எண்ணிட்ட காகித உறையில் போட்டு வைத்து, எப்போது கேட்டாலும் காப்பி போட்டுத் தருவார்கள். திருமணமாகிப் போன பெண்களும் பெற்றோரை இழந்த பிள்ளைகளும் பல ஆண்டுகள் கழித்து வந்து அந்த எண்ணைச் சொல்லிப் படம் வாங்கிச் சென்றதைப் பார்த்திருக்கிறேன். அந்த உறையின் முன்னோடியை லேகாக்கில் தேட வேண்டும்.

1840இல் டால்பட் மேலும் ஓர் உண்மையைக் கண்டார். வெளிச்சம் பட்ட தாளில் கண்ணுக்குத் தெரியாமல் உறங்கும் உருவத்தை வேதிக் கரைசலால் வெளிக்கொணரலாம். நாம் படம் கழுவுதல் என்று சொல்வதன் தொடக்கம் அதுதான். கழுவிய படம் மீண்டும் கறுத்துப் போகாமல் காக்கும் ஹைப்போ என்ற வேதிப்பொருளை அவருக்கு முன்னரே அறிவித்தவர் வானியலறிஞர் ஜான் ஹெர்ஷல். நெகட்டிவ், பாசிட்டிவ் என்ற சொற்களை இந்தக் கலைக்குள் கொண்டுவந்தவரும் அவரே. டால்பட் தம் முறைக்கு 1841இல் காப்புரிமை பெற்றதை மட்டும் என்னால் பாராட்ட முடியவில்லை. அந்த உரிமைக் கட்டணம் இங்கிலாந்தில் பலரைத் தயங்க வைத்தது. அது செல்லுபடியாகாத ஸ்காட்லாந்தில், ஓவியர் டேவிட் ஆக்டேவியஸ் ஹில்லும் இளைஞர் ராபர்ட் ஆடம்சனும் எடின்பரோவில் அமர்ந்து, நியூஹேவன் மீனவர்களையும் மீன்கூடை சுமக்கும் பெண்களையும் அத்தனை கண்ணியத்தோடு படமெடுத்தனர். காகித நெகட்டிவ்வின் சொரசொரப்பே கம்பளி உடைகளுக்கும் கயிறுகளுக்கும் ஓர் உடலைத் தந்தது. ஆடம்சன் 1848இல் தம் இருபத்தாறாம் வயதில் இறந்தார், அந்தக் கூட்டுப் பணியும் அத்தோடு நின்றது.

ஹெர்ஷல் 1842இல் கண்ட மற்றொரு முறையில் வெள்ளியே தேவையில்லை, இரும்பு உப்புகள் போதும். வெயிலில் வைத்த தாளை வெறும் தண்ணீரில் அலசினால் ஆழ்ந்த நீலம் நிலைத்து நிற்கும். பிற்காலத்தில் கட்டட வரைபடங்களைப் படியெடுத்த புளூ பிரிண்ட் என்பது இதுவே. இதை முதலில் ஒரு பெரும்பணிக்கு ஆட்படுத்தியவர் அன்னா அட்கின்ஸ் என்ற தாவரவியலாளர். தாயைச் சிறு குழந்தையாக இருக்கும்போதே இழந்து, வேதியியலறிஞரான தந்தையிடம் வளர்ந்தவர். கடற்பாசிகள் வரைவதற்கு மிகக் கடினமானவை என்பதால், அவற்றையே தாளின்மேல் பரப்பி வெயிலுக்குக் காட்டினார். 1843 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்பாசிகளைப் பற்றிய அவரது நூலின் முதல் பகுதி வெளிவந்தது. புகைப்படங்களைக் கொண்டு அமைந்த முதல் நூல் அதுவே. டால்பட்டின் நூல் அடுத்த ஆண்டுதான் வரத் தொடங்கியது. பத்தாண்டுகள், ஒவ்வொரு தாளையும் தாமே பூசி, தாமே வெயிலில் வைத்து, தாமே அலசி, தம் கையெழுத்தையும் அந்த நீலத்திலேயே பதித்து அவர் அந்நூலை முடித்தார். நீலப் பின்னணியில் வெண்மையாக மிதக்கும் அந்தப் பாசிகளைப் பார்க்கும்போது அவை இன்னும் கடலுக்குள்ளேயே இருப்பதாகத் தோன்றும்.

இனி நம் மண்ணோடு நேரடித் தொடர்புடைய ஒருவர். லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாணப் படையில் பணியாற்றிய அதிகாரி. மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1857 இறுதியில் புறப்பட்டு, கருவிகளையும் மருந்துகளையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு, திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று சுற்றினார். அப்போது ஐரோப்பாவில் கண்ணாடித் தகடு பரவிவிட்டது. டிரைப் காகிதத்தையே தேர்ந்தார். மெழுகு பாய்ச்சிய தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், நம் வெயிலில் வழியெங்கும் இருட்டறைக் கூடாரம் அமைத்து உடனுக்குடன் தகடு பூச வேண்டியதில்லை. படத்துக்கு நீண்ட நேரம் தேவைப்பட்டதால் நடமாடும் மக்கள் பதியவில்லை, அவரது மதுரைத் தெருக்களும் மண்டபங்களும் பெரும்பாலும் ஆளற்றே கிடக்கின்றன. திருமலை நாயக்கர் மகாலின் தூண்களை அந்த வெறுமையோடு பார்ப்பவர்க்கு, அக்கட்டடம் அன்று எவ்வளவு சிதைந்திருந்தது என்பது புலப்படும்.

அவர் செய்தவற்றுள் நான் தலையாயதாகக் கருதுவது 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் செய்த பணி. விமானத்தின் அடித்தளமான அதிட்டானத்தில் வரிவரியாக ஓடும் கல்வெட்டுகளை அடுத்தடுத்துப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக்கினார். தாமும் தம் தமக்கையும் தம் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லிலே வெட்டும்படி முதலாம் இராசராசன் ஆணையிட்ட கோயில் அது. அக்கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் படித்து வெளியிடத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகள் முன்பே, எழுத்தின் பொருளை அறியாத ஒரு படை அதிகாரி அவற்றின் வடிவத்தைக் காகிதத்தில் காத்து வைத்தார். அரசின் ஆவணத் தேவைக்காகவும் ஆட்சியின் அதிகாரத்தோடும் செய்த வேலை அது என்பதை நான் மறக்கவில்லை. ஆயினும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழும்வரை சாய்வெயிலுக்குக் காத்திருந்த பொறுமையைக் கட்டளையால் மட்டும் வாங்கிவிட முடியாது. 1859இல் புதிய ஆளுநர் சார்லஸ் டிரெவிலியன் இதை ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தினார். டிரைப் அதன்பின் மிகக் குறைவாகவே படமெடுத்தார். இங்கே இழப்பு அவருடையது மட்டுமன்று.

கண்ணாடித் தகட்டைத் தந்தவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிற்பியான ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர், கொலோடியன் என்ற பசையைக் கண்ணாடியில் பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்துக் கழுவும் முறையை 1851இல் வெளியிட்டார். டாகேரின் தெளிவும் டால்பட்டின் படியெடுக்கும் வசதியும் அதில் ஒன்றுசேர்ந்தன. காப்புரிமை கேளாமல் உலகுக்கு வழங்கிய அவர், 1857இல் வறுமையில் இறந்தார். ரோஜர் ஃபென்டன் 1855இல் மது வணிகர் ஒருவரின் வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டு கிரிமியப் போர்க்களத்துக்குச் சென்றதும் அந்த முறையோடுதான். பீரங்கிக் குண்டுகள் சிதறிக் கிடக்கும் அவரது பள்ளத்தாக்குப் படத்தை நீங்கள் அறிவீர்கள்.

நான் மிகவும் நேசிக்கும் ஜூலியா மார்கரெட் கேமரனிடம் இப்போது வருகிறேன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். கணவர் சார்லஸ் ஹே கேமரன், இலங்கையின் நிர்வாகத்தையும் நீதித்துறையையும் மாற்றியமைத்த கோல்புரூக் கேமரன் ஆணைக்குழுவில் ஒருவர். ஐல் ஆஃப் வைட் தீவில் அவர்கள் வாழ்ந்த வீட்டுக்கு, இலங்கையில் தாங்கள் வைத்திருந்த தோட்டத்தின் நினைவாக டிம்போலா என்று பெயரிட்டனர். 1863 டிசம்பரில், தனிமையில் பொழுதுபோக உதவட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தபோது அவருக்கு வயது 48. கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று, கோழிக்கூண்டு கண்ணாடி வேய்ந்த படக்கூடமாயிற்று. முதல் தகட்டின் பசைப் பக்கத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டதாக அவரே எழுதியிருக்கிறார். 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் முகம் தகட்டில் தெளிந்தபோது வீடெங்கும் ஓடிப் பரிசுப் பொருள் தேடினாராம், அந்தப் படத்தை அவளே ஆக்கியதுபோல் அவருக்குத் தோன்றியதாம்.

அவரது படங்களின் மங்கலை அக்காலப் புகைப்பட இதழ்கள் தேர்ச்சியின்மை என்று கண்டித்தன. அவர் தந்த விளக்கம் எளியது. ஃபோகஸ் செய்யும்போது தம் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திவிட்டார், மற்றவர்கள் வற்புறுத்திய கூர்மை வரை லென்ஸைத் திருகவில்லை. கூர்மை என்பது கருவியின் கட்டளையாக இருந்ததைக் கலைஞரின் தேர்வாக மாற்றியது இந்தச் செயல். அதனால்தான் புகைப்பட வரலாற்றில் அவரது இடம் இவ்வளவு பெரியது என்று நான் கருதுகிறேன். 1867இல் ஹெர்ஷலைப் படமெடுப்பதற்கு முன் தலைமுடியைக் கழுவச் சொன்னார். வெண்முடி ஒளிவட்டம்போல் விரிய, இருளிலிருந்து முதியவரின் முகம் மட்டும் வெளிப்படும் அந்தப் படத்தில், நெகட்டிவ் என்ற சொல்லை நமக்குத் தந்தவரே ஒரு நெகட்டிவ்விலிருந்து நம்மைப் பார்க்கிறார். கவிஞர் டென்னிசனும் டார்வினும் அமர்ந்த அதே கூடத்தில் பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக அமர்ந்தார், அதே பெரிய தகட்டில், அதே நீண்ட நிமிடங்களுக்கு.

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குப் பெயர்ந்தனர். காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்துக்கொண்டிருந்த காலம். அங்கும் அவர் படமெடுத்தார், ஆனால் எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்த அவரும் அடுத்த ஆண்டு இறந்த கணவரும் பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். இங்கிலாந்தில் தம்முன் அமர்ந்தவர்களின் பெயர்களைப் படத்தின் கீழே தம் கையால் எழுதிய அவர், இலங்கையில் அமர்ந்த உள்ளூர் மக்களின் பெயர்களை எழுதி வைக்கவில்லை. அவர்களுள் தோட்டத் தொழிலாளர்களும் இருந்தனர், அன்றைய காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்களிலிருந்து கடல் கடந்தவர்கள். அந்த முகங்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஹெர்ஷலுக்குத் தந்த அதே நெருக்கத்தை அவற்றுக்கு அவர் தரவில்லை என்பது என் மனக்குறை. அது சரியா என்பதை நீங்களே பார்த்துச் சொல்ல வேண்டும். விளக்குகளை அணைக்கச் சொல்லியிருக்கிறேன். திரையில் முதலில் வருவது களுத்துறையில் எடுத்த படம்.