புள்ளைக்கான உதவி அப்பா அம்மாவோட சம்பள சீட்டுல தொங்கலாமா?

(தென்காசியில் நடந்த, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் ஒரு சிறப்பாசிரியை பேசியது, பேசினபடியே)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் கரகரங்குது, பின்னாடி கேக்கலன்னா கையத் தூக்குங்க. புள்ளைங்க சத்தம் போட்டா யாரும் சங்கடப்பட்டு வெளிய கூட்டிட்டுப் போக வேணாம், இது நம்ம கூட்டம், இங்கயும் ஸாரி ஸாரின்னு சொல்லிட்டே இருந்தா அப்புறம் எங்கதான் நிம்மதியா உக்காருறது.

ஆட்டிசத்துக்கு அரசு என்ன செய்யுதுன்னு பேசச் சொன்னாங்க. ஒண்ணுமே செய்யலன்னு சொன்னா நல்லா கைதட்டுவீங்க, ஆனா அது உண்மை இல்லயே. 1995ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஆட்டிசம்ங்கிற பேரே கிடையாது. 1999ல நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல பேரு வந்துச்சு, அப்புறம் 2016 உரிமைச் சட்டத்துல 21 வகைல ஒண்ணா வந்துச்சு. நிராமயான்னு இன்சூரன்ஸ் இருக்கு, 1 லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல சேரும், சேரும்போது மெடிக்கல் டெஸ்ட் எடுத்துட்டு வான்னு சொல்ல மாட்டாங்க, ஆனா வருஷா வருஷம் புதுப்பிக்கணும், அதத்தான் நம்மாளுங்க மறந்துடுறாங்க.

இப்ப என் கோவம் எங்கன்னா, கொஞ்சம் பெரிய உதவி எல்லாம் யாருக்குப் போய்ச் சேருதுன்னு பாருங்க. மத்திய அரசு வேலைல இருக்குற அம்மாவுக்கு குழந்தை பராமரிப்பு லீவு மொத்தம் 730 நாள், மத்த புள்ளைங்கன்னா 18 வயசு வரைக்கும்தான், நம்ம புள்ளைங்களுக்கு அந்த வயசு கணக்கு கிடையாது. வழக்கமான டிரான்ஸ்பர்ல இருந்து விலக்கு கேக்கலாம், 2014லயே ஆர்டர் இருக்கு. பெத்தவங்க காலத்துக்கு அப்புறம், சொந்தமா சம்பாதிக்க முடியாத புள்ளைக்கு ஆயுசுக்கும் குடும்ப பென்ஷன். இன்கம்டாக்ஸ்ல 80டிடின்னு சொல்ற சலுகை, 75,000 ரூபா கழிவு, குறைபாடு 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000, அதுவும் பழைய முறைல கட்டுறவங்களுக்கு மட்டும்தான், புது முறைக்கு மாறிட்டா அது போச்சு. எல்லாம் நல்ல விஷயம்தான், யார்கிட்ட இருந்தும் புடுங்கச் சொல்லல.

ஆனா நம்ம ஊர்ல வீட்டுத் திண்ணைல பீடி சுத்துற அம்மாவுக்கு இதுல எது இருக்கு? தெரபிக்குப் போற அன்னைக்கு அவங்க சுத்துற பீடி குறையும், கூலி குறையும், அவங்களுக்கு யாரு லீவு குடுப்பா? ஆட்டோ ஓட்டுற அப்பாவுக்கு 80டிடியா? அவருக்கு அப்புறம் அந்தப் பையனுக்கு பென்ஷனா? ரெண்டு வீட்லயும் ஒரே ஆட்டிசம், ஒரே சதவீதம், ஒரே கலர் மாற்றுத்திறனாளி கார்டு. ஒரு வீட்டுப் புள்ளைக்கு சாகுற வரைக்கும் பென்ஷன், இன்னொரு வீட்டுப் புள்ளைக்கு மாமா வீட்டுத் திண்ணை. உரிமை புள்ளையோடதுன்னா அது புள்ளைய வச்சுத்தானே வரணும், அப்பா எந்த ஆபீஸ்ல வேல பாத்தார்ங்கிறத வச்சு எப்படி வரும்?

தமிழ்நாட்டுல பராமரிப்பு உதவித்தொகை இருக்கு, இல்லன்னு சொல்லல, 2023 ஜனவரில மாசம் 1500 ரூபால இருந்து 2000 ஆக்குனாங்க. தெரபிக்கு ஒரு மணி நேரத்துக்கு என்ன வாங்குறாங்கன்னு உங்களுக்குத் தெரியும், நான் கணக்கு போட்டுக் காட்ட வேண்டியது இல்ல.

மாற்றுத்திறனாளி சர்ட்டிபிகேட்டப் பத்தியும் சொல்லிடுறேன். இசான்னு ஆட்டிசத்த அளக்குற ஒரு அளவுகோல், 40 கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 5 மார்க், 70 வந்தாத்தான் ஆட்டிசம், 40 சதவீதம் இருந்தாத்தான் பெரும்பாலான சலுகை. அன்னைக்குன்னு பாத்து புள்ள அமைதியா உக்காந்துட்டா அம்மாவுக்கே பயம் வந்துடுது, அய்யோ மார்க் குறஞ்சிடுமேன்னு! புள்ள ஒரு நாள் நல்லா இருந்தா பெத்தவ பயப்படணும்னா அந்த முறைல ஏதோ கோளாறு இருக்கு. நல்லா பேசுற, ஆனா தனியா பஸ் ஏறத் தெரியாத 25 வயசு பையனோட கஷ்டம் அந்த மார்க்குல முழுசா வராது, இது என் அனுபவத்துல சொல்றேன்.

இப்ப 18 வயசு. அது வரைக்கும் ஸ்கூல், வட்டார வள மையம், வீட்டுக்கு வர்ற டீச்சர்னு ஏதோ ஓடிரும் (டீச்சரே பத்தல, பிரைமரில 10 புள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல 15க்கு ஒண்ணுன்னு சுப்ரீம் கோர்ட் 2021லயே சொல்லியாச்சு, 2025லயும் பணியிடம் உருவாக்குங்கன்னு சொல்லியாச்சு). 18 முடிஞ்ச மறுநாள் காலைல அந்தப் புள்ள எங்க போகும்? அரசு வேலைல மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீடுல ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு எல்லாருக்கும் சேத்து 1 சதவீதம், அதுக்கும் எழுத்துத் தேர்வு பாஸ் பண்ணணும். நம்ம புள்ளைங்கள்ல எத்தன பேரு அந்தப் பக்கம் போக முடியும்? சட்டப்படி 18 ஆனா நீங்க கார்டியனும் கிடையாது. கலெக்டர் தலைமைல இருக்குற உள்ளூர் கமிட்டில மனு போட்டு வாங்கணும், கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். இது தெரியாம பேங்க்ல போய் நிக்கும்போதுதான் முழிக்கிறோம்.

அதனாலதான் நான் திரும்பத் திரும்ப புளியரை செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம் பாருங்கன்னு சொல்றேன். கேரளாவுல 2004ல திருவனந்தபுரம் பக்கம் வெங்கானூர் பஞ்சாயத்துல நம்ம புள்ளைங்க மாதிரி உள்ளவங்களுக்கு பட்ஸ் ஸ்கூல்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, இப்ப மறுவாழ்வு மையங்களையும் சேத்து மாநிலம் முழுக்க 300க்கு மேல இருக்கு. நடத்துறது உள்ளாட்சி, குடும்பஸ்ரீங்கிற அங்க உள்ள பெண்கள் குழு அமைப்பு கூட நிக்குது. 18க்கு மேல உள்ளவங்களுக்குன்னே தனியா மறுவாழ்வு மையம், காலைல போயி வேல பழகிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்துரலாம். வீட்ல பாத்துக்கிறவங்களுக்குன்னு ஆஸ்வாசகிரணம்னு மாசம் 600 ரூபா. தொகை கம்மிதான், சரியா வரலன்னு அங்கயும் சண்டை போடுறாங்க, ஆனா பாத்துக்கிற அம்மா செய்யுறதும் ஒரு வேலன்னு ஒரு அரசு கணக்குல எழுதிருக்குல்ல, அதத்தான் நான் கேக்குறேன். நம்மகிட்ட சென்னை பக்கம் முட்டுக்காட்டுல பல்வகைக் குறைபாட்டுக்குன்னு பெரிய தேசிய நிறுவனமே இருக்கு, நல்ல இடம், ஆனா தென்காசில இருந்து ராத்திரி பூரா பஸ்ல போகணும், சத்தம் தாங்காத புள்ளைய வச்சுக்கிட்டு! தமிழ்நாடு அரசோட விழுதுகள்ங்கிற மாற்றுத்திறனாளி சேவை மையங்கள் வருது, வரவேற்போம், அதுல 18க்கு மேல உள்ளவங்களுக்கு பகல் முழுக்க இருக்குற மாதிரி இடம் உண்டான்னு அதையும் சேத்து கேப்போம்.

சரி, நேரமாச்சு, சாப்பாடு வேற வந்துருச்சு. கிராமசபை வருஷத்துக்கு ஆறு தடவ நடக்குது, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 எல்லாம் வரும். எங்க பஞ்சாயத்துல வயசு வந்த ஆட்டிசம் புள்ளைங்களுக்கு பகல் நேர மையம் வேணும்னு ரெண்டு வரில தீர்மானம் எழுதி வச்சிருக்கேன், வாசல் பக்கம் பச்சை ஃபைல்ல இருக்கு, ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. டவுன்ல இருக்கவங்க வார்டு கவுன்சிலர்கிட்ட குடுங்க. பதிவேட்டுல ஏறுச்சான்னு பாருங்க, நகல் கேட்டு வாங்குங்க, வாட்சாப்ல எனக்கு போட்டோ அனுப்புங்க. நிராமயா புதுப்பிக்காதவங்க சாப்பிட்டுட்டு லெஃப்ட் சைடு டேபிளுக்கு வந்துருங்க, கார்டு ஜெராக்ஸ் இல்லன்னா பரவாயில்ல, போன்ல இருந்தாலும் போதும்.