கனடா குளிருக்குப் பெட்டி கட்டுறீங்களா? எதை ஊர்ல வாங்கணும், எதை அங்க போய் வாங்கணும்

வணக்கம் மக்களே. ஜனவரி இன்டேக்குக்கு டொராண்டோ, பிராம்ப்டன், வாட்டர்லூ பக்கம் கிளம்புறவங்க நிறைய பேர் இப்ப பெட்டி கட்டிட்டு இருப்பீங்க. இன்னைக்கு துணி விஷயம் மட்டும் முழுசா பேசிடலாம். ஒரே வரில சொல்றதுன்னா, உடம்ப ஒட்டி உள்ள போடுறத ஊர்ல வாங்குங்க, வெளிய போடுற கோட்டும் பூட்ஸும் அங்க போய் வாங்குங்க. ஏர்போர்ட்ல இறங்குற அன்னைக்குத் தேவையானது மட்டும் இதுல சேராது. அதைத் தனியா சொல்றேன்.

முதல்ல எந்த ஊருக்குப் போறீங்கன்னு பாருங்க. வான்கூவர்ல ஜனவரி சராசரி 4 டிகிரி கிட்ட, பனிய விட மழைதான் அதிகம். அங்க தண்ணி உள்ள இறங்காத ரெயின் ஜாக்கெட்தான் முக்கியம். டொராண்டோல மைனஸ் 4 கிட்ட இருக்கும், ராத்திரில மைனஸ் 15 வரைக்கும் இறங்குற நாளும் வரும். வின்னிபெக்ல சராசரியே மைனஸ் 16 கிட்ட, மைனஸ் 30 வந்தாலும் அங்க யாரும் ஆச்சரியப்பட மாட்டாங்க. அதனால கனடால இருக்குற சொந்தக்காரர் சொன்னாருன்னு லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடி, அவர் எந்த ஊர்ல இருக்காருன்னு கேட்டுக்கோங்க.

வெறும் டிகிரிய மட்டும் பார்த்தும் பத்தாது, காத்தையும் சேர்த்துப் பாக்கணும். மைனஸ் 10 இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல காத்தடிச்சா உடம்புக்கு மைனஸ் 20 மாதிரி இருக்கும். இதைத்தான் விண்ட் சில்னு சொல்றாங்க. வெதர் ஆப்ல ‘ஃபீல்ஸ் லைக்’னு வர்ற நம்பர் அது. அந்த நம்பர் மைனஸ் 28க்குக் கீழ போச்சுன்னா, மூடாத தோல் 10லேர்ந்து 30 நிமிஷத்துக்குள்ள உறைய ஆரம்பிக்கலாம். காது நுனி, மூக்கு, விரல் நுனிக்குத்தான் முதல்ல ஆபத்து. காலைல வீட்டை விட்டு இறங்குறப்ப அந்த நம்பரைப் பார்த்து டிரஸ் பண்ணுங்க.

சரி, உள்ள இருந்து ஆரம்பிக்கலாம். ஜட்டி, பனியன், பிரா எல்லாம் ஊர்ல இருந்தே 12 செட் எடுத்துக்கோங்க. திருப்பூர் தரத்துக்கு ஊர்ல குடுக்குற விலைல அங்க கிடைக்காது. வாரத்துக்கு ஒரு தடவைதான் துணி துவைக்கப் போவீங்க, பரீட்சை வாரத்துல அதுவும் தள்ளிப் போகும், அதனால 12 அதிகம் கிடையாது.

அடுத்தது தெர்மல், அதாவது சட்டை பேன்ட்டுக்கு உள்ள உடம்ப ஒட்டிப் போடுற சூட்டு உடுப்பு. இந்த லேபிளை கேமரா கிட்ட கொண்டு வரேன், பாருங்க. ‘காட்டன் 60, பாலியஸ்டர் 40’னு போட்டிருக்கா? நம்ம ஊர்ல தெர்மல்னு விக்கிறதுல பாதி இப்படித்தான் இருக்கு. வீட்டுக்குள்ள போட்டுக்க ஓகே, ஆனா வெளிய நடக்கப் போறவங்களுக்கு இது வேணாம். ஏன்னு சொல்றேன். பஸ்லயும் சப்வேலயும் ஹீட்டர் ஓடும், கோட்டோட ஏறினா அஞ்சு நிமிஷத்துல முதுகு வேர்க்கும். காட்டன் அந்த வேர்வைய அப்படியே பிடிச்சு வச்சுக்கும். ஸ்டாப்ல இறங்கினதும் ஈரத்துணி உடம்புல ஒட்டி சூட்டை உறிஞ்சிடும். அதனால முழு பாலியஸ்டர், இல்லன்னா மெரினோ (மெரினோ ஆட்டு ரோமம்) உல்லன் பாருங்க. ஊர்ல டெகாத்லான்ல மலையேறுறவங்களுக்கு விக்கிற பாலியஸ்டர் தெர்மல் நல்லாவே தாங்கும். மேல ரெண்டு, கீழ ரெண்டு போதும். உடம்போட ஒட்டி இருக்கணும், லூஸா வாங்கினா அந்த இடைவெளில குளிர் காத்து ஓடும். டொராண்டோல எல்லா நாளும் தெர்மல் பேன்ட் தேவைப்படாது, மைனஸ் 10க்குக் கீழ போற நாளுக்கு எடுத்தா போதும்.

தெர்மலுக்கும் கோட்டுக்கும் நடுவுல போடுறது ஃப்ளீஸ், மெத்துனு இருக்குற பாலியஸ்டர் ஜாக்கெட். இது பாருங்க, முன்னாடி முழு ஜிப். கழுத்து வழியா மாட்டுற ஸ்வெட்டர விட இதைத்தான் சொல்லுவேன். கிளாஸ் ரூம், ஆபீஸ், மால் எல்லாத்துலயும் 21, 22 டிகிரில ஹீட்டர் ஓடும். உள்ள போனதும் சர்ருனு ஜிப்பை இறக்கிவிடலாம். கூட்டத்துக்கு நடுவுல தலை வழியா ஸ்வெட்டர உருவிட்டு நிக்க முடியாது. ரெண்டு ஃப்ளீஸ் ஊர்லயே வாங்கிடுங்க. ‘உல்லன்’னு சொல்லி விக்கிற ஸ்வெட்டர் பல நேரம் முழு அக்ரிலிக்கா இருக்கும், லேபிளைத் திருப்பிப் பாருங்க. அக்ரிலிக் ஒண்ணும் தப்பில்ல, உல்லன் விலை மட்டும் குடுத்துடாதீங்க.

மத்தபடி தினப்படி துணிக்கு 7, 8 டி-ஷர்ட், 2 ஜீன்ஸ், ஒரு ஃபார்மல் செட் போதும். ஜீன்ஸ் ஒண்ணே 700 கிராம் கிட்ட வரும். பெட்டிக்கு 23 கிலோன்னு கணக்குப் போட்டா, ஆறு ஜீன்ஸ் அடுக்குறதுக்கு பதிலா மசாலாப் பொடிக்கு இடம் விடலாம்.

இப்ப கோட். ஊர்ல விக்கிற தடி ஜெர்கின், லெதர் ஜாக்கெட் ரெண்டையும் விட்டுடுங்க. பைக்ல ஊட்டி போக சரியா இருக்கும், மைனஸ் 15ல பஸ்ஸுக்கு 20 நிமிஷம் நிக்க ஆகாது. பெரும்பாலும் இடுப்போட நின்னுடும், தொடை முழுக்க காத்து வாங்கும். ஹுட் இருக்காது, இருந்தாலும் இறுக்கக் கயிறு இருக்காது. அங்க வாங்கும்போது பாதித் தொடை வரைக்கும் வர்ற, ஹுட் வச்ச நீளக் கோட் பாருங்க, பார்கான்னு சொல்லுவாங்க. ஹுட் ஆழமா இருக்கணும், கை முனைல உள்பக்கம் எலாஸ்டிக் இருக்கணும். ஜிப்புக்கு மேல ஒரு மூடி பட்டை வேணும், இல்லன்னா காத்து ஜிப் பல்லு வழியாவே உள்ள வரும். உள்பக்கம் ஒரு பாக்கெட் இருந்தா போனை அதுல போடுங்க, குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கிடும்.

உள்ள என்ன அடைச்சிருக்குன்னு கேளுங்க. டவுன்னா வாத்து இறகுக்கு அடியில இருக்குற மெல்லிசு பஞ்சு. எடை கம்மி, சூடு அதிகம், ஆனா நனைஞ்சா அமுங்கிப் போய் சூடு நிக்காது. லேபிள்ல ‘ஃபில் பவர்’ 600, 700னு போட்டிருக்கும், அது பஞ்சு எவ்வளவு உப்பும்ங்கிற அளவு. எத்தனை கிராம் அடைச்சிருக்காங்கன்னு அது சொல்லாது, அதனால 700னு பார்த்ததும் மயங்கிடாதீங்க, கோட்டை அமுக்கிப் பாருங்க. டொராண்டோல மழையும் பனியும் கலந்து கொட்டுற நாள் நிறைய. அங்க சிந்தெட்டிக் அடைச்ச கோட்டே தாராளமா போதும், விலையும் குறைவு. வின்னிபெக்னா டவுனுக்கே போங்க.

எங்க வாங்கறது? வின்னர்ஸ், மார்க்ஸ், காஸ்ட்கோல சுமார் 100லேர்ந்து 250 டாலருக்குள்ள நல்ல கோட்டே கிடைக்கும். பட்ஜெட் இடிக்குதுன்னா வேல்யூ வில்லேஜ் மாதிரி பழைய துணிக் கடை இருக்கு. அங்க ஜிப்பை மேல கீழ நாலு தடவை இழுத்துப் பாருங்க, அக்குள் தையல்ல பஞ்சு வெளிய வருதான்னு பாருங்க. ஜிப் மாத்துற கூலி கோட் விலையையே தாண்டிடும். ஜனவரி கடைசி, பிப்ரவரில கிளியரன்ஸ் போடுவாங்க, ஆனா அதுக்காக கோட் இல்லாம காத்துட்டு இருக்காதீங்க. விலைச்சீட்டுல இருக்குற தொகைக்கு மேல டொராண்டோ இருக்குற ஒன்டாரியோ மாகாணத்துல 13 சதவீதம் வரி பில்லுல ஏறும், அதையும் கணக்குல வைங்க.

என்னைக் கேட்டா, கோட்டை விட பூட்ஸுக்குத்தான் யோசிச்சு செலவு பண்ணணும். கோட் சுமாரா இருந்தா உள்ள இன்னொரு ஃப்ளீஸ் போட்டு சமாளிக்கலாம். பூட்ஸ் வழுக்கினா கை மணிக்கட்டு போயிடும். பூட்ஸ் வர்ற அட்டைப் பெட்டில ‘மைனஸ் 32 வரை தாங்கும்’னு போட்டிருக்கும். அது அந்தந்த கம்பெனி அவங்களாவே போடுற நம்பர், எல்லாருக்கும் பொதுவான ஒரு அளவுகோல் கிடையாது. நீங்க பாக்க வேண்டியது அடிப்பாகத்தை. டொராண்டோ ரீஹாப்ங்கிற மறுவாழ்வு மருத்துவமனையோட ஆராய்ச்சிக்காரங்க நிஜமான ஐஸ் சரிவுல ஆளுங்களை நடக்க வச்சு பூட்ஸ டெஸ்ட் பண்றாங்க. ‘ரேட் மை ட்ரெட்ஸ்’னு அவங்க வெப்சைட். 7 டிகிரி சரிவுல வழுக்காம நின்னா ஒரு ஸ்னோஃப்ளேக், 11 டிகிரிக்கு ரெண்டு, 15க்கு மூணு. 2016ல அவங்க முதல் ரிசல்ட் வந்தப்ப பெரும்பாலான பூட்ஸ் ஒண்ணு கூட வாங்கல. விலை அதிகம்னா பிடிப்பும் அதிகம்னு நினைக்காதீங்க, மாடல் பேரைப் போட்டுத் தேடிட்டு கடைக்குப் போங்க.

சைஸ் பாக்கும்போது தடி சாக்ஸ் போட்டுட்டே போட்டுப் பாருங்க, வழக்கத்தை விட அரை சைஸ் பெருசா எடுங்க. உள்ள கால் விரல் தாராளமா அசையணும். குளிருதேன்னு ரெண்டு சாக்ஸ் திணிச்சா கால் இறுகி ரத்த ஓட்டம் குறையும், இன்னும் சில்லுனு ஆகும். உல்லன் கலந்த ஒரு சாக்ஸே போதும், நாலு ஜோடி வச்சுக்கோங்க. கால் சின்னதா இருக்குற பொண்ணுங்களுக்கு ஒண்ணு சொல்றேன். பெண்கள் சைஸ் 7, சிறுவர் சைஸ்ல ஏறக்குறைய 5. சிறுவர் பூட்ஸ் விலையும் குறைவு, ஒன்டாரியோல குழந்தைங்க காலணிக்கு சைஸ் 6 வரைக்கும் மாகாண வரி 8 சதவீதம் கழிஞ்சு வெறும் 5தான். அதே பிராண்டோட சிறுவர் மாடலைக் கேளுங்க.

ரோட்டுல ஐஸ் கரைய உப்பு கொட்டுவாங்க. அது பூட்ஸ் மேல வெள்ளைக் கோடா படிஞ்சு தோலை வெடிக்க வச்சிடும். ரெண்டு பங்கு தண்ணி, ஒரு பங்கு வெள்ளை வினிகர் கலந்து ஈரத்துணியால துடைச்சா போயிடும். ஹீட்டர் மேல மட்டும் காய வைக்காதீங்க, பசை விட்டுடும்.

கைக்கு, அஞ்சு விரலும் தனித்தனியா இருக்குற கிளவுஸ விட விரலெல்லாம் ஒண்ணா இருக்குற மிட்டன்ஸ்தான் சூடு. உள்ள மெல்லிசா, போட்டுட்டே போன் ஸ்கிரீனைத் தொடலாம்ங்கிற ஒரு டச் கிளவுஸ், மேல மிட்டன்ஸ். போன் எடுக்கணும்னா மேல இருக்கிறதை மட்டும் கழட்டலாம். தலைக்கு காது மூடுற தொப்பி, அங்க டூக்னு சொல்லுவாங்க. நம்ம ஊர் மங்கி கேப்பும் காதை நல்லாவே மூடும், வெட்கப்படாம எடுத்துட்டு வாங்க. கழுத்துக்கு மஃப்ளரை விட குழாய் மாதிரி இருக்குற நெக் வார்மர் நல்லது, நழுவாது, மூக்கு வரைக்கும் இழுத்துக்கலாம்.

குழந்தைங்களோட வர்றவங்க கவனிங்க. ஸ்கூல்ல இடைவேளைக்கு பனிலயும் வெளிய விளையாட அனுப்புவாங்க. ஸ்னோ பேன்ட், வாட்டர்ப்ரூஃப் மிட்டன்ஸ் ரெண்டு ஜோடி, எல்லாத்துலயும் பேர். ஒரு ஜோடி கட்டாயம் தொலையும். ஊஞ்சல், சறுக்குல மாட்டிக்கும், அதனால நீள மஃப்ளர் வேணவே வேணாம். கார் சீட்ல உக்கார வைக்கிறப்ப உப்பின ஜாக்கெட்டைக் கழட்டிட்டு பெல்ட்டை மாட்டுங்க, அப்புறம் மேல கம்பளி போர்த்துங்க. ஜாக்கெட்டோட மாட்டினா பெல்ட் இறுக்கமா இருக்குற மாதிரி தெரியும், வண்டி மோதினா பஞ்சு அமுங்கி பெல்ட் லூஸாயிடும்.

பட்டுப் புடவை, வேட்டி எடுக்கலாமான்னு எல்லாரும் கேக்குறீங்க. எடுங்க, ஒரு ரெண்டு செட். பொங்கல் வர்றதே நல்ல குளிர்ல, கனடால ஜனவரி தமிழ் மரபுத் திங்கள் வேற, ஸ்கார்பரோ பக்கம் விழாவுக்குக் குறைவே இருக்காது. பாவாடைக்கு உள்ள தெர்மல் லெக்கிங்ஸ், கால்ல பூட்ஸ், பைல செருப்பு. ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போறதுன்னாலும் வாசல்ல பூட்ஸக் கழட்டணும், அதனால லேஸ் கட்டுறதை விட பக்கவாட்டு ஜிப் வச்ச பூட்ஸ் வசதி.

இப்ப அந்த முதல் நாள் செட். டிசம்பர், ஜனவரில இறங்குறவங்களுக்கு ஏர்போர்ட்ல இருந்து ரூம், அடுத்த நாள் கடை, இவ்வளவு தூரத்துக்குத் தாங்குற துணி கைல இருக்கணும். ஃப்ளீஸுக்கு மேல போடுற மாதிரி ஒரு சைஸ் பெரிய ஹுட் வச்ச ஜாக்கெட், தொப்பி, கிளவுஸ், தடி சாக்ஸ், அடி வழுவழுன்னு இல்லாத மூடின ஷூ. ஊர்ல மலைக்குப் போறவங்ககிட்ட ஜாக்கெட் இரவல் கிடைச்சாலும் போதும். இதெல்லாம் கேபின் பைல இருக்கணும், செக்-இன் பெட்டில வேணாம். பெட்டி வேற ஃபிளைட்ல வந்தா நீங்க டி-ஷர்ட்டோட வெளிய நிப்பீங்க. தெர்மலை சென்னைலயே மாட்டிட்டு ஏறாதீங்க, இறங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மாத்திக்கோங்க.

கடைசியா துவைக்கிறது. அங்க கொடில காயப் போடுறது கம்மி, எல்லாம் டிரையர்தான். ஹை ஹீட்ல போட்டா காட்டன் குர்தா, சுடிதார் ஒரு சைஸ் சுருங்கும், மெரினோ தெர்மல் குழந்தை சைஸுக்கு வந்துடும். அதையெல்லாம் ஸ்டாண்ட்ல விரிச்சுக் காய வைங்க, ஹீட்டர் ஓடுற ரூம்ல ஒரே ராத்திரில காஞ்சிடும். டவுன் கோட்டை முன்பக்கம் கதவு இருக்குற மெஷின்ல டவுனுக்குன்னு விக்கிற சோப்பு போட்டுத் துவைங்க. டிரையர்ல லோ ஹீட், கூடவே சுத்தமான டென்னிஸ் பந்து ரெண்டு மூணு. பந்து தட்டித் தட்டி கட்டிப்பட்ட பஞ்சை உடைக்கும். ரெண்டு மூணு மணி நேரம் ஆகும், நடுவுல எடுத்து விரலால தடவிப் பாருங்க, கட்டி தட்டுப்பட்டா இன்னும் காயல. குளிர்காலம் முடிஞ்சதும் வேக்குவம் பைல அமுக்கி வைக்காதீங்க, ஹேங்கர்ல தொங்க விடுங்க. மாசக்கணக்கா அமுங்கிக் கிடந்த பஞ்சு அடுத்த நவம்பர்ல பழைய மாதிரி உப்பாது.